மூன்று முறை பார்த்த படம்

சினிமாவில் வந்த இடங்களைப் பார்ப்பதற்காகவே கப்பலில் ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியுமா? தாய்லாந்துப் பக்கம் போகிறவர்கள், 1974-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படத்தில் காட்டிய ஒற்றைப் பாறையைப் படகில் போய்ப் பார்க்காமல் திரும்புவதில்லை. குரோஷியா நாட்டு டுப்ரோவ்னிக் என்ற கோட்டை நகரத்தில் கப்பலைவிட்டு இறங்குகிறவர்களில் பலர், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டி.வி. தொடரில் வந்த படிக்கட்டு எது, மதில் எது என்று தேடுகிறார்களாம்.

"அதுக்கெல்லாம் காசு வேணுமே!" என்கிறீர்களா? நம் காலத்தில் அந்த வேலையை நமக்காகப் படக்காரர்களே செய்தார்கள். 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' பார்த்தே ஜப்பானையும் ஹாங்காங்கையும் சுற்றி வந்துவிட்டோம். 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது, சிங்கப்பூரும் ஆயிற்று!

ஆனால் எங்கள் வீட்டிலும் ஒருமுறை நிஜமாகவே கப்பல் ஏறி அப்படி ஒரு பிரயாணம் போனோம். அம்மாவுக்காகப் போனது. எதற்காகப் போகிறோம் என்பதே எனக்குக் கப்பலில்தான் தெரிந்தது.

நாங்கள் தூத்துக்குடி. எங்கள் ஊரில் கப்பல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வ.உ.சி.தான். 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர். 1961-ல் சிவாஜி நடித்து 'கப்பலோட்டிய தமிழன்' வந்தபோது, "நம்ம ஊர்க் கதை" என்று பார்த்ததை அம்மா அடிக்கடி சொல்வாள். எங்கள் கடலில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்ததும் அதே 1961-ல்தான்.

அம்மாவைப் பெற்ற தாத்தா, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில் என்று போய் வந்துகொண்டிருந்தவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். 1974-க்குப் பிறகு வரவில்லை. கடிதமும் பணமும்தான் வந்தன. 1979-ல் ஒரு தந்தி வந்தது. அது வந்து சேருமுன்பே அங்கே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அம்மாவால் போக முடியவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு, "இலங்கை" என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்று பெயர். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். சாயங்காலம் புறப்பட்டால் காலையில் கொழும்பு. பேப்பரில் அதைப் படித்த அன்று அம்மா என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு வயது 66.

"ஏட்டி, கப்பல்ல போனா வாந்தி வருமோ?"

"எதுக்கும்மா கேக்கே?"

"சும்மாதான் கேட்டேன்."

அம்மா சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை. காலாண்டு லீவுக்கு அம்மா, நான், என் வீட்டுக்காரர், பத்து வயது மகன் ஆகிய நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டோம்.

வாந்தி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உபயோகப்படும். புறப்படுகிற அவசரத்தில் "வழியிலே பசிக்குமே" என்று பையனுக்குப் பூரியும் கிழங்கும் வயிறு முட்டக் கொடுத்திருந்தேன். கப்பல் துறைமுகத்தைத் தாண்டி லேசாக ஆட ஆரம்பித்ததும் அவன் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு என்ன, பூரி, கிழங்கு எல்லாம் என் புடவையில்! தப்பு முழுக்க என்னுடையது.

கடல் பிரயாணத்தில் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்று சொல்கிறது. அறைக்குள் சுவரையே பார்க்கும் கண்ணோ "ஆடவில்லை" என்கிறது. இந்தச் சண்டையில்தான் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. இரண்டு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைகளுக்கு இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். ஆகவே, வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பண்டத்தால் நிரம்பியும் இருக்கக்கூடாது. இட்லி, பிஸ்கட், ரொட்டி போதும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. வெளியே வந்து காற்று படும்படி நின்று, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம், செல்போன் வேண்டாம். அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு சின்ன டப்பாவில் இஞ்சியைச் சீவி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறிக் கொண்டு வந்திருந்தாள். "எங்கப்பா கப்பல் ஏறும்போது எங்கம்மா இதத்தான் கட்டிக் குடுப்பா" என்று பேரன் வாயில் ஒரு துண்டு வைத்தாள். அவளுடைய பிரஷர் மாத்திரைகளும் பெட்டியில் இல்லை, கைப்பையில் இருந்தன. போகும் நாட்களுக்கு மேல் மூன்று நாளைக்கு அதிகமாகவே எடுத்து வந்திருந்தாள், டாக்டர் சீட்டோடு. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பையன் தூங்கிய பிறகு நானும் அம்மாவும் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். ஊர் விளக்குகள் மறைந்து ரொம்ப நேரமாகியிருந்தது. அப்போதுதான் அம்மா சொன்னாள்.

1978 தீபாவளிக்கு வந்த 'பைலட் பிரேம்நாத்' ஞாபகமிருக்கிறதா? சிவாஜியோடு இலங்கை நடிகை மாலினி பொன்சேகா நடித்தது. இலங்கையில் எடுத்த படம். அந்த ஷூட்டிங் நடந்தபோது தாத்தா ஒரு கடிதம் எழுதியிருந்தாராம். கடைப் பையன்களோடு வேடிக்கை பார்க்கப் போனதாகவும், கூட்டத்தோடு கூட்டமாகத் தன்னையும் காமிரா பிடித்திருக்கும் என்றும், படம் அங்கே வந்தால் பார் என்றும்.

"நாலு வருஷமா பாக்காத அப்பா. எப்படி இருக்கும் எனக்கு? தெருப் பொம்பளைகளோட ஒரு தடவ போனேன். கூட்டம் வந்தா சிவாஜியப் பாக்கல, கூட்டத்தையே பாத்தேன். தெரியல. ரெண்டாவது தடவ உன்னையும் அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன்."

எனக்கு அப்போது எட்டு வயது. முறுக்கு தின்றது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா எதையோ தேடிக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது.

"மூணாவது தடவ உங்கப்பாட்டகூடச் சொல்லாம, பால்காசுல மிச்சம் பிடிச்சு, தனியாப் போனேன். அன்னைக்குப் பாத்தேன்டி. கண்ணு மூடித் திறக்கிற நேரம்தான். ஒரு ஆளு துண்ட உதறித் தோள்ல போட்டுட்டுத் திரும்புனாரு. எங்கப்பா அப்படித்தான் போடுவாரு. மூஞ்சி தெரியல."

மறு வருஷம் தந்தி வந்துவிட்டது.

எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. பிற்பாடு டி.வி.யில் அந்தப் படம் போட்டபோதெல்லாம் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள். "உங்கம்மாவுக்கு சிவாஜி பிடிக்காது" என்று அப்பா கேலி செய்வார்.

"ஏம்மா, இப்பதான் சி.டி. கிடைக்குதே. நிறுத்தி நிறுத்திப் பாக்கலாமே. ஏன் பாக்க மாட்டேங்கே?"

அம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திப் பாத்து, அது அப்பா இல்லனு தெரிஞ்சிட்டா?"

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

காலையில் கொழும்பில் இறங்கினோம். முதல் வேலையாகப் புறக்கோட்டை. நம் ஊர்ச் சந்தை மாதிரியே நெரிசல், சத்தம், தமிழ்ப் பேச்சு. அம்மா மனப்பாடமாக வைத்திருந்த கடை விலாசத்தில் அந்தக் கடை இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு பெரியவர் கல்லாவில் இருந்தார். அம்மா கடையின் பெயரைச் சொன்னதும், "அது எண்பத்து மூணுல எரிஞ்சு போச்சும்மா" என்றார். அம்மாவை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். தாத்தாவை அவருக்குத் தெரியவில்லை. "அந்தக் கடையில நிறைய இந்தியாக்காரங்க இருந்தாங்க" என்று மட்டும் சொன்னார். எரிந்த இடத்தில் எழும்பியிருந்த கடையும் ஜவுளிக்கடைதான். "நுழைஞ்சிட்டுச் சும்மா வரக்கூடாது" என்று அம்மா ஒரு வெள்ளைத் துண்டு வாங்கினாள்.

மறுநாள் என் வீட்டுக்காரரின் ஆசைக்காக வேனில் கித்துல்கல போனோம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்று 1957-ல் வந்து ஏழு ஆஸ்கார் பரிசு வாங்கிய ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் அங்கேதான், களனி கங்கைக் கரையில் எடுத்தார். ரப்பர்த் தோட்டங்களும் மலையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான பாதை. வழியெல்லாம் கித்துள் மரம். நம் பக்கம் கூந்தல்பனை என்பார்களே, அதுதான். பனையிலிருந்து நாம் கருப்பட்டி காய்ச்சுவதுபோல அவர்கள் அதிலிருந்து பாணியும் வெல்லமும் காய்ச்சுகிறார்கள். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உடன்குடிக் கருப்பட்டி ஆகுமா?" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்!

ஆற்றங்கரையில் இறங்கிப் பார்த்தால் பாலம் இல்லை. பாறைகளுக்கு நடுவே அஸ்திவாரத் துண்டுகள்தான் கிடந்தன.

"எங்க பாலம்?"

"படத்துக்காகக் கட்டி, படத்துக்காகவே வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க அத்தை."

"இம்புட்டுச் செலவு பண்ணிக் கட்டிட்டா? கூறுகெட்டவனுவ!"

அவர் விளக்கினார். நிஜமான ரயில்பாதை தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் 1942-43-ல் போட்டது. படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் கஷ்டப்படுவதைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்க் கூலிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் அந்த அஸ்திவாரத்தையே பார்த்துவிட்டு, "படத்துல அவங்க வரலையா?" என்று கேட்டாள். இல்லை என்றார். அம்மா ஆற்றில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு வந்தாள்.

கடைசி நாள் சாயங்காலம் காலிமுகத்திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா காற்று வாங்கப் போகும் இடம் என்று கடிதங்களில் எழுதியிருப்பாராம். கடலை ஒட்டிய பெரிய திடல். பட்டம் விடும் பிள்ளைகள், இறால் வடை விற்கிறவர்கள், குடை பிடித்த காதல் ஜோடிகள், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஊரே கூடியிருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. அம்மா புதுத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டாள். பிறகு எங்களிடம் எதுவும் சொல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. கையில் நாலு இறால் வடை!

"அப்பா இங்கதான் நடந்திருப்பாரு. எனக்கு இது போதும்டி" என்றாள்.

தூத்துக்குடிக் கப்பல் அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் அம்மாவுக்கு அது கிடைத்திராது. அதற்கப்புறம் 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. போக நினைக்கிறவர்கள் கப்பல் நேரமும் விசா விதிகளும் அடிக்கடி மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பலும் வேண்டாமென்றால், எங்கள் பக்கம் மணப்பாடு இருக்கிறது. 'நீர்ப்பறவை'யிலும் 'கடல்' படத்திலும் பார்த்தீர்களே, அந்தக் கரைதான். திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

ஆனால் வீட்டில் வயதானவர்கள் யாராவது, "அந்த இடத்துக்கு எப்படிப் போகணும்?" என்று சும்மா கேட்டால், சும்மா என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் கேட்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் அதைக் கேட்க நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

அம்மா 2019-ல் போய்விட்டாள். அன்று காலிமுகத்திடலில் என் மகன் சும்மா செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தைப் படம் எடுத்திருந்தான். ஒன்றரை நிமிஷம் ஓடுகிறது. பட்டங்கள், கடல், யார் யாரோ போகிறார்கள். ஒரு ஓரத்தில், தலையில் வெள்ளைத் துண்டு சுற்றிய ஒரு அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறாள். முகம் தெரியவில்லை.

நான் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். எனக்குச் சந்தேகமே இல்லை.