ஒரு மன்ஜில் தூரம்

ஒரு நாள் நடை என்பது எவ்வளவு தூரம் என்று உங்களை எவரேனும் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் எனக்கு இவ்வினா புதிதன்று. பயணி தொழுகையைச் சுருக்கித் தொழும் 'கஸ்ரு'ப் பாடம் வரும்போதெல்லாம் மாணவரில் ஒருவனாவது இதைக் கேட்டே தீருவான்.

ஹனஃபி மத்ஹபின்படி மூன்று நாள் பயணத் தொலைவை நாடிப் புறப்படுபவரே முஸாஃபிர் ஆவார். ஒட்டகத்தின் நடையும் மனிதனின் கால்நடையுமே அதற்கு அளவுகோல். நம் நாட்டு உலமாக்கள் அதனை 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டனர். மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு 16 மைல். அதுவே ஒரு மன்ஜில். (ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த காயல்பட்டினத்து, கீழக்கரை அன்பர்கள் பொறுத்தருள்க, தங்கள் கணக்கு இரண்டு மர்ஹலா ஆகும்.) அந்த ஒரு நாளும் இரவு வரை நடப்பதன்று. காலையில் தொடங்கி, இடையிடையே இளைப்பாறி, உச்சிப் பொழுது சாயும்வரை நடப்பதே ஒரு நாள் நடை என்று விரிவுரையாளர்கள் விளக்குவர்.

கரும்பலகையில் பல ஆண்டுகள் வகுத்துக் காட்டிய இத்தூரத்தைக் காலால் அளக்கும் வாய்ப்பை 2020 ஆம் ஆண்டுதான் எனக்குத் தந்தது. அவ்வாண்டு மார்ச் 24 மாலை நின்ற பேருந்துகள் ஜூனில் மண்டல அளவில் சிறிது ஓடி, ஜூலையில் மீண்டும் நின்றன. செப்டம்பர் முதல் நாள்தான் மாவட்டத்துக்குள் ஓடத் தொடங்கின. மதரஸா பூட்டப்பட்டு மாணவர்கள் ஊர் திரும்பியிருந்தனர். பாடங்கள் கைபேசிக்குள் அடங்கிவிட்டன. ஆகஸ்டில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. மாவட்ட எல்லையைத் தாண்டத்தான் இ-பாஸ்; உள்ளே நடப்பவரை எவரும் தடுக்கவில்லை. ஆகவே ஒரு வியாழக்கிழமை, பூட்டுப் பட்டறையில் பணிபுரியும் என் மைத்துனருடன் புறப்பட்டேன். சின்னாளபட்டி, செம்பட்டி வழியாக ஆத்தூரை அடுத்த காமராசர் அணை வரை செல்வது எங்கள் திட்டம். எங்கள் நகரம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. தொலைவும் ஏறத்தாழ ஒரு மன்ஜில்.

சுபுஹுத் தொழுகையை வீட்டிலேயே முடித்துப் பேகம்பூரிலிருந்து நடந்தோம். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கே அடங்கியிருப்பதால் வந்த பெயர் இது என்பர். 1755 இல் திண்டுக்கல் கோட்டையின் பொறுப்பேற்று வந்த ஹைதர், இங்கிருந்துதான் மைசூரின் தலைமையை நோக்கி உயர்ந்தார். திண்டு போல் கிடக்கும் அந்தக் கல்மலை நடப்பவனுக்கு நல்ல மைல்கல். ஒரு மணி நேரம் நடந்து திரும்பிப் பார்த்தாலும் அது பின்னால் வருவது போலவே தோன்றும்.

நகரின் விளிம்பில் தோல் ஷாப்புகளின் வாடை. நம்மவர் பலருக்குச் சோறு போட்ட தொழில் அது. நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் அதன் நன்கொடை உண்டு. ஆயினும் ஒன்றைக் கூறாமல் செல்வது நேர்மையாகாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தமிழகத்துத் தோல் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அன்றைய 'திண்டுக்கல் அண்ணா' மாவட்டத்தின் பெயரும் இடம்பெற்றது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. ஆனால் உப்பேறிய கிணறுகள் பல பழைய சுவைக்குத் திரும்பவில்லை. உளூச் செய்யும்போது ஓடும் ஆற்றிலும் நீரை வீணாக்காதீர் என்று பாடம் சொல்லும் நாம், காலடி நீரைக் கெடுத்துவிட்டு ஒரு மன்ஜிலுக்கு அப்பாலிருந்து குழாயில் நீர் கொணர்கிறோம். நடந்து பார்த்தால்தான் அக்குழாயின் நீளம் விளங்குகிறது.

மதுரைச் சாலையில் இடப்புறம் சிறுமலை உடன் வந்தது. நான்கு வழிச் சாலையில் சரக்கு லாரிகளைத் தவிர வேறு வாகனம் அரிது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44 ஆம் எண் நெடுஞ்சாலை இதுவே. அவ்வாண்டுக் கோடையில் நாட்டின் நெடுஞ்சாலைகளிலெல்லாம் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் குழந்தைகளைச் சுமந்து நடந்தனர். அவர்களுக்கு அது மூன்று நாள் நடையன்று. முப்பது நாள் நடை. மே 8 அதிகாலையில், அப்போது அவுரங்காபாத் எனப்பட்ட நகருக்கருகே, தண்டவாளத்தில் கண்ணயர்ந்த 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜால்னாவிலிருந்து ஒரு மன்ஜிலுக்கும் கூடுதலாக நடந்து களைத்தவர்கள் அவர்கள். பயணிக்குத் தொழுகையையே பாதியாக்கிச் சலுகை வழங்கினான் இறைவன். களைப்பு இன்னதென்று அறிந்து வகுக்கப்பட்ட சட்டம் அது. நான்கு மணி நேர ஊரடங்கு அறிவிப்பை எழுதியவர்கள் அக்களைப்பை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சின்னாளபட்டியை அடைந்தபோது எட்டரை மணி. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் தெருக்களில் தறிச் சத்தம் மிகக் குறைவு. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிய தேநீர்க் கடைக்காரர், "பஸ்தான் இல்லியே பாய், நடந்தா வர்றீங்க? என்ன விசேஷம்?" என்றார். தூரம் அளக்க நடக்கிறோம் என்றதும் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அருகே 1947 இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் மாணவரின்றி அமைதியாய்க் கிடந்தது.

அங்கிருந்து மேற்கே செம்பட்டிச் சாலை. அதன் ஓரங்களில் மல்லிகை, சம்பங்கித் தோட்டங்கள். திருமணத்துக்கு ஐம்பது பேர் என்று வரையறுத்த காலம். பெரிய கோயில்களும் மூடியிருந்தன. பறித்த பூவை வரப்போரம் கொட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "பறிக்காமல் விட்டுவிடலாமே?" என்று கேட்டேன். "விட்டா செடி கெட்டுப்போகுமேய்யா. கூலி கொடுத்துப் பறிச்சுத்தான் கொட்டணும்" என்றார். அந்த வாசனை வெகுதூரம் எங்களுடன் வந்தது. அத்தகைய துயரமான நறுமணத்தை நான் முன்னர் நுகர்ந்ததில்லை.

செம்பட்டியை நெருங்கும்போது நிழல் காலடிக்குள் ஒடுங்கியது. அதுவரை நடந்தது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். ஒரு தோட்டக்காரரின் அனுமதியுடன் பம்புசெட்டு நீரில் உளூச் செய்து, லுஹர் நேரமானதும் புளியமரத்தடியில் தொழ நின்றோம். மைத்துனர் செருப்பைக் கழற்றிக் கொப்புளங்களைப் பார்த்தவாறு, "மச்சான், இவ்வளவு நடந்தும் நாலு ரக்அத்துத்தானா?" என்றார். "இன்னும் ரெண்டு நாள் நடக்கிற எண்ணத்தோடு கிளம்பியிருந்தா ரெண்டு" என்றேன். நான்கே தொழுதோம். நூலோர் சொன்ன காலத்துக்குள் பதினாறு மைலை எட்ட எங்களுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் குறைந்திருந்தது. அவர்கள் குறித்தது நாள்தோறும் நடந்து பழகியவரின் கால்களையன்றோ!

எஞ்சிய தூரம் எங்களுக்கு நெடியதாயிற்று. ஆத்தூரைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலெனக் குறுக்கே எழுந்தது. அதன் அடியில், குடகனாற்றின் நீரைத் தேக்கி நின்றது அணை. கரையில் எவருமில்லை. நீர் நடுவில் நாரைகள் சில. அசருத் தொழுதுவிட்டு வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம். வீட்டில் குழாயைத் திறந்தால் ஓடி வரும் நீர் முதன்முறையாக எனக்கு ஓர் ஊர்க்காரரைப் போலத் தோன்றியது.

மைத்துனரின் நண்பர் காய்கறி ஏற்றும் வண்டியுடன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். காலி தக்காளிப் பெட்டிகளுக்கிடையே அமர்ந்து திண்டுக்கல் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.