கள்ளுக்கடை மூடிய சீமை

இரவு விடுதி என்றால் பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர் என்று பெரிய பட்டணங்களின் பெயர்கள்தாம் நம் நினைவுக்கு வரும். வண்ண விளக்கும் வாத்திய கோஷமும் கண்ணாடிக் கிண்ணமுமாக ஒரு காட்சி கண்முன் நிற்கும். சேலம், நாமக்கல் சீமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் இந்தச் சமவெளிக்கும் இரவு விடுதி உண்டு. ஓலைக் கூரை, மண் கலயம், தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதோ ஒன்று. கள்ளுக்கடை என்று அதற்குப் பெயர்!

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறுங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாக்கியம். மரவள்ளித் தோட்டங்கள், விசைத்தறிகளின் ஓயாத சத்தம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள், இடையிடையே பனைமரங்கள். ஊர் நெருங்கும்போது அர்த்தநாரீசுவரர் கோயில் கொண்ட மலை தூரத்திலேயே தெரியும். கணவனும் மனைவியும் சரிபாதியாக நிற்கும் சந்நிதி அது. ஆனால் அந்த மலையைப் பார்த்துக் கும்பிட்ட எத்தனையோ குடிசைகளில், வாரக் கூலியில் பாதிகூட மனைவியின் கைக்கு வராத காலம் ஒன்று இருந்தது. சந்தை நாளன்று கூலி வாங்கியவர் வீட்டுக்கு வரும் வழியில்தான் கடையும் இருக்கும்!

திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சேலத்தில் வக்கீலாகத் தொழில் நடத்தி, அந்நகர சபைக்குத் தலைவராகவும் இருந்தவர் அவர். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்ற மூன்றும் ஆசிரமத்தின் முக்கியப் பணிகள். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. அதற்கு உதவி ஆசிரியராக இருந்தவர் வேறு யாருமல்ல, நம் 'கல்கி'தான்.

அதற்கும் முன்பே, 1921-ல், பக்கத்து ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கியிருந்தார்கள். வீட்டு வாசலைத் தாண்டவே பெண்கள் தயங்கிய காலம். அவர்களோ கடை வாசலில் போய் நின்றார்கள்!

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அதே ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் ஜில்லா என்பது லேசான பரப்பு அல்ல. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். அத்தனை ஊர்களிலும் கள்ளுக்கடை மூடிற்று. அந்த மாலைகளில் கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்த குடும்பங்களில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்பதை நம் சகோதரிகளுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

எல்லாம் இனிப்பு என்று சொல்லிவிட முடியாது. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் பதனீருக்கும் கருப்பட்டிக்கும் மாற வேண்டியிருந்தது. அது எல்லோருக்கும் எளிதாக இல்லை. சர்க்காருக்கும் வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரி பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. பிறகு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பிற்று, பிறகு மறுபடியும் போயிற்று. 1983-ல் மது மொத்த வியாபாரத்துக்கென அரசே டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்ததால், ஓலைக் கூரைக் கடை போய், இரும்புக் கம்பி போட்ட கடை வந்தது. விற்பனை வரியோ பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் நம் மளிகைப் பில்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடையை மூடுவதற்காக வந்த வரியும் நிலைத்துவிட்டது. மூடிய கடையும் திறந்துவிட்டது!

இந்தச் சீமை அதை மறந்துவிடவில்லை. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், மதுக்கடைகளை மூடச் சொல்லி ஊர் ஊராக உண்ணாவிரதம் இருந்தவர். 2015 ஜூலை 31-ந் தேதி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர் நீத்தார்.

கடையை மூடினால் போதுமா என்று கேட்பவர்களும் உண்டு. 2024 ஜூனில் சேலத்தை அடுத்த கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பலரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். சட்டம் கடைக்குப் பூட்டுப் போடலாம். ஆசைக்குப் பூட்டுப் போட அதனால் ஆகாது. அந்த வேலைக்குப் புதுப்பாளையம் ஆசிரமத்தைப் போல் கிராமத்திலேயே தங்கி, பேசி, கைக்கு ஒரு தொழிலும் கொடுக்கிற மனிதர்கள் வேண்டும்.

அடுத்த முறை திருச்செங்கோட்டு மலைக்குப் போனால், கீழே இறங்கியதும் புதுப்பாளையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பாதி உடம்பை அம்மைக்குக் கொடுத்த சுவாமியைத் தரிசித்த கையோடு, கூலியை முழுசாக வீட்டுக்குக் கொண்டு வர வைக்கப் பாடுபட்டவர்கள் இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.