பறவைகளும் கதியால் வேலியும்

புலம்பெயர்ந்து சென்று ஊரில் மீண்டும் வீடு கட்டுவோர் பலர், பறவைகள் வருவதற்கு என்ன செடி வைக்கலாம் என்று கேட்கின்றனர். அவ்வாறு கேட்பதற்கு முன்னரே கதியால் வேலியைப் பிடுங்கிச் சீமெந்து மதில் எழுப்பியிருப்பார்கள். 2009இன் பின்னர் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் பலவற்றின் கதை இதுதான். மதில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேலி அடைக்க இன்று ஆள் பிடிப்பது எளிதன்று. ஆயினும் நமது பறவைகளின் தோட்டம் அந்த வேலியிலேயே இருந்தது.

முள்முருக்கின் செந்நிறப் பூவில் தேன் மிகுதி. தேன்சிட்டு மட்டுமன்றி மைனாவும் கிளியும் காகமுங்கூட அதைத் தேடி வரும். ஆண்டுதோறும் குழைக்காக ஒட்ட வெட்டப்படும் கதியால் பூப்பதில்லை. ஒன்றிரண்டையேனும் வளரவிட வேண்டும். வேலியிற் படர்ந்த கொவ்வை பழுத்தால் கிளியும் குயிலும் கொண்டைக்குருவியும் விடமாட்டா. வேலியடியின் அடர்த்திக்குள் செம்பகம் நத்தை தேடித் திரியும். மதிலடியில் அதற்கு என்ன வேலை?

பூவும் பழமும் மட்டும் போதும் என்று எண்ணுவதும் பொருந்தாது. தேன் குடிக்கும் தேன்சிட்டுக்கூடத் தன் குஞ்சுகளுக்குப் பூச்சி, புழுக்களையே ஊட்டுகிறது. அதனாற்றான் ஒரேயொரு மரம் வைக்க இடமுள்ளவருக்கு நான் கறிவேப்பிலையைச் சொல்வேன். அதன் கரும்பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் உண்ணும். இலையை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும். அப்புழுக்களைச் சிறு குருவிகள் பொறுக்கும். இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்து அடிப்பவர் வீட்டில் இந்த விருந்து நடவாது. அடுத்தபடியாகச் செவ்வரத்தை. அழகுக்கு அடுக்குப் பூ வைப்பவர்கள், குருவிக்கென ஒற்றை இதழ்ச் செவ்வரத்தையும் ஒன்று வைக்கலாம்.

ஜாம் மரம் அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்தது. விரைவில் நிழல் தரும், பறவைகளுக்கும் மிகப் பிடிக்கும். இரவில் வௌவாலும் வரும், வெள்ளைச் சுவரை வைத்திருப்போர் அறிந்து வைக்கவும். நாயுண்ணியை மட்டும் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அதன் பழத்தைத் தின்னும் பறவைகளே விதையைக் காடெங்கும் பரப்புகின்றன. உடவளவைத் தேசியப் பூங்காவில் யானைகளின் மேய்ச்சல் நிலத்தை அது மூடியதை அங்கு சென்றவர்கள் கண்டிருப்பர்.

மதில் கட்டியாயிற்றென்றால் இடிக்க வேண்டியதில்லை. அதன் உட்புறமாக நாலு முள்முருக்கங் கதியாலும் ஒரு கொவ்வைக் கொடியும் போதும். ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறைவு.