அடைபட்ட துளை

2022ஆம் ஆண்டின் பெற்றோல் பஞ்சத்தில் அப்பாவின் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். அவ்வாண்டிலேயே அப்பா காலமானார். ஈராண்டின் பின் உதைத்துப் பார்த்தேன், உயிர்க்குறியே இல்லை. காபுரேற்றர் கிண்ணத்தில் எஞ்சிய பெற்றோல் பிசினாய் இறுகி, ஒரு மில்லிமீற்றரிலும் குறுகிய ஜெற் துளையை அடைத்திருந்தது. பொருந்தாத திருப்புளியால் நான் முயன்றதில் பித்தளைத் தலையின் வெட்டு மழுங்கியதே கண்ட பலன்!

சீகிரியா வீதி பிரியும் இனாமலுவச் சந்திக்கருகில் ஒரு முதியவரிடம் அதனைக் கொண்டு சென்றேன்.

"பாஸ் உன்னஹே, புதிதொன்று வாங்கிவிடலாமா?"

"அவசரம் வேண்டாம், மல்லி" என்றார்.

வாள் அலகினால் வெட்டை ஆழமாக்கி, எண்ணெயிட்டு ஊறவிட்டார். பின்னர் கொதிநீரில் அமிழ்த்தினார். உடலுலோகம் பித்தளையிலும் கூடுதலாக விரிவதால் பிடி தளருமாம். காத்திருக்கையில், காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்கா நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் துளையிட்ட சுண்ணக்கற்கள் மாரியில் இன்றும் நீரைப் பீச்சுகின்றன. அங்கும் மண் அடைத்தால் இதே பாடுதான்!

அகன்ற திருப்புளியை அழுத்தி, முதலில் சற்றே இறுக்கி, பின் தளர்த்தினார். 'டிக்' என்றது. கம்பி துளையைப் பெருப்பிக்கும் என்று தூண்டில் நரம்பினாலேயே பிசினைக் குத்தி எடுத்தார். கூலியாக அவர் கேட்டது தேநீர்க் காசு.

மாலையில் மூன்றாம் உதைக்கு இயந்திரம் உறுமிற்று. அம்மா அடுக்களையிலிருந்து விரைந்து வந்தார். என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.