முகிலுக்குக் கீழே

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் முற்பகல். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் வெலிங்கோர் என்னும் சிறு விமானத் தளத்திலிருந்து, கனடாவின் 412ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் பயிற்சிக்காக மேலெழுந்தன. அவற்றுள் ஒன்றை ஓட்டியவர் ஜான் கில்லெஸ்பி மகீ. அகவை 19.

மகீ கனடா நாட்டவர் அல்லர். அமெரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் ஷாங்காய் நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஆயினும் அவர் பொறுத்திராமல், 1940இல் எல்லை கடந்து கனடா விமானப்படையில் சேர்ந்தார். ஜெர்மனி அமெரிக்காவின்மீது போர் அறிவித்ததும் அதே டிசம்பர் 11இல்தான். அச்செய்தி வெளியாகுமுன்பே மகீயின் வாழ்வு முடிந்துவிட்டது.

பயிற்சி முடித்துத் திரும்புகையில் முகிலிடையே ஓர் இடைவெளி தென்பட்டது. ஸ்பிட்ஃபயர்கள் அதன் வழியே விரைந்து இறங்கின. மேலிருந்து வருபவருக்குக் கீழே பறப்பது தெரியாது; கீழே பறப்பவருக்கு மேலிருந்து பாய்வது தெரியாது. தரையிலிருந்து ஏறத்தாழ 1,400 அடி உயரத்தில், முகிலின் அடிவிளிம்பை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தது கிரான்வெல் தளத்தின் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானம். இரண்டும் மோதின. மகீ போராடி விமானத்தினின்று வெளியே குதித்தார். வான்குடை விரிவதற்கு வேண்டிய உயரம் எஞ்சியிருக்கவில்லை.

பகைவர் ஒருவரும் அவ்வானில் இல்லை. போர்க்காலத்தில் பயிற்சியின்போதே மாண்ட விமானிகள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் மகீயை உலகம் மறவாதிருப்பதற்குக் காரணம் பதினான்கு அடிகள் கொண்ட ஒரு கவிதை. பறத்தலின் பரவசத்தைப் பாடும் அதனை, இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தார். ஸ்காப்விக் சிற்றூரிலுள்ள அவர் கல்லறையில் அக்கவிதையின் அடிகளே பொறிக்கப்பட்டுள்ளன. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது, அமெரிக்க அதிபர் ரீகன் தம் இரங்கலுரையை அதன் சொற்களாலேயே முடித்தார்.

மகீயின் கதையைச் சொல்பவர்கள் 'மற்றொரு விமானம்' என்று கூறி எளிதாகக் கடந்துவிடுவதுண்டு. அது முறையன்று. அவ்விமானத்திலும் ஒருவர் இருந்தார். அவரும் அங்கேயே மாண்டார். இன்னும் விமானியாகத் தேறாத பயிற்சி மாணவர் அவர். பெயர் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். அவரும் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார். அதில் கவிதை இருந்திராது. குளிரைப் பற்றியும் உணவைப் பற்றியும் அடுத்த விடுமுறையைப் பற்றியும் இருந்திருக்கும்.