பாலிக் புலாவ்: மலைமேல் ஒரு கப்சாய்
தீவைச் சுற்றி – பகுதி 3

போன பகுதியைப் படித்த நண்பர்கள் சிலர் கேலி செய்தார்கள். தனியாக மோட்டாரில் காடுமேடு சுற்றுகிறவன் சகாராவுக்கோ ராஜஸ்தானுக்கோ அல்லவா போக வேண்டும், பினாங்கில் என்ன இருக்கிறது என்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1977-இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் மோட்டார் பந்தயம் ஒன்றில் லிபியப் பாலைவனத்தில் வழிதவறிச் சாகக்கிடந்து, மீட்கப்பட்டு ஊர் திரும்பினார். மறு ஆண்டே பாரிஸ்–டக்கார் பந்தயத்தைத் தொடங்கிவிட்டார். அன்றிலிருந்து கரடுமுரடுப் பயணம் என்றாலே எல்லாருக்கும் மணல்தான் நினைவுக்கு வருகிறது. மணலில் பாதையே இல்லாததால் தொலைகிறோம். பாலிக் புலாவ் மலையில் பாதைகள் அதிகம் என்பதால் தொலைகிறோம்.

பாயா தெருபோங்கின் அடுக்குமாடிகளைத் தாண்டும் வரை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு, லோரிப் புகை, மறுபடி சிவப்பு விளக்கு. வழியில் புக்கிட் கூக்கூஸ். 2018 அக்டோபர் 19-ஆம் தேதி, சாலை போடும் இடத்தில் மண் சரிந்து ஒன்பது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாண்ட இடம். இந்த மலைகளை வெட்டும்போது யோசித்து வெட்ட வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பிறகு துன் சார்டோன் சாலை மேலே ஏறத் தொடங்குகிறது. காற்று குளிர்கிறது. டுரியான் சீசன் காலமாக இருந்தால், பழம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்து சேர்ந்துவிடும்.

சாலையோரக் காட்சிமுனையான அஞ்சுங் இண்டாவில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்த தோட்டப் பாதையில் திரும்பினேன். புக்கிட் பெனாரா பக்கம் ஏறும் பாதைகளில் ஒன்று. பாதை என்றால் மூன்றடி அகலம்கூட இல்லாத சிமெண்டுப் பட்டை. ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் ஒன்றுமில்லை. டயர் பிடிக்கட்டும் என்று, ஈரச் சிமெண்டில் குச்சியால் இழுத்தது போலக் குறுக்குக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். வெயில் படாத வளைவுகளில் அந்தக் கோடுகளைப் பாசி நிரப்பிவிட்டது. அதன்மேல் டுரியான் இலைகள் செம்பு நிற அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கின்றன. பார்க்க அழகு. மழை பெய்த மறுநாள் அதில் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தன் விருப்பத்துக்குப் போகும்.

நான் ஓட்டியது பழைய ஹோண்டா இஎக்ஸ்5. நம் ஊரில் கப்சாய் என்றால் எல்லாருக்கும் தெரியும். கிளட்ச் கைப்பிடி கிடையாது, நான்கு கியர், சாய்ந்துவிட்டால் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்தலாம். இதன் மூதாதையான சூப்பர் கப் 1958-இல் ஜப்பானில் வெளிவந்தது. அந்த வரிசை வண்டிகள் உலகம் முழுவதும் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. ஹோண்டாவை இந்த நாட்டில் பரப்பிய லோ பூன் சியூ பினாங்குக்காரர். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவிப் பிழைப்பைத் தொடங்கியவர். அவர் கொண்டுவந்த வண்டி அவர் ஊர் மலையில் என்ன வேலை செய்கிறது என்பதை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கிளைப்பாதை பிரிந்ததும் கைப்பேசி வரைபடம் கைவிட்டது. திரையில் வெறும் பச்சை. எந்தப் பட்டை அடுத்த தோட்டத்துக்குப் போகிறது, எது யாரோ ஒருவரின் கொட்டகை வாசலில் முடிகிறது என்று தெரியவில்லை. எஞ்சினை அணைத்துக் காத்திருந்தேன். மேலே இருந்து சத்தம் வந்தது, பிறகு வண்டி வந்தது. அதுவும் கப்சாய்தான், பின் இருக்கை கழற்றப்பட்டு இரும்புச் சட்டம் பற்றவைக்கப்பட்டிருந்தது. இரு பக்கமும் கூடை நிறைய டுரியான். பின் டயரில் சேற்றுக்காகச் சங்கிலி சுற்றியிருந்தது. ஓட்டி வந்தவர் ஒரு தமிழர், அறுபதைத் தாண்டியிருப்பார்.

“வழி தெரியலையா தம்பி? எடது பக்கம் போ. எறங்கும்போது மொத கியருதான், நியூட்ரல்ல விட்டுறாதே. பிரேக்கு சூடாயிட்டா புடிக்காது.”

“சரிங்கண்ணே.”

“ஹெல்மெட்டக் கழட்டாதே. மேல பழம் இருக்கு.”

நான் வண்டியைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துக்கொள்ள, அவர் ஒரு கையளவு இடைவெளியில் கடந்து போனார். நிற்க அவருக்கு நேரமில்லை. பினாங்கில் டுரியானை மரத்திலிருந்து பறிப்பதில்லை. தானாக விழ வேண்டும், பெரும்பாலும் இரவில். விடிந்ததும் பொறுக்க வேண்டும், அன்றே விற்க வேண்டும். அங் ஹே ரக டுரியான் வாங்க நகரத்திலிருந்து வருகிறவன் நேற்றுப் பழத்தைத் தொடமாட்டான். அதனால் காலையில் இந்தப் பட்டைகள் முழுக்க வேலைப் பாதைகள்.

டுரியானுக்கு முன்பு இந்தத் தீவின் பேச்சு ஜாதிக்காயும் கிராம்பும்தான். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து நட்டது. 1860-களில் நோய் வந்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. இன்று டுரியானுக்கு நடுவே அங்கங்கே நிற்கும் மரங்களின் காய்கள் ஊறுகாயாகவும் சர்பத்தாகவும் ஆகின்றன.

மறு பக்கம் இறங்கி பாலிக் புலாவ் ஊருக்குள் நுழைந்தால் ஹக்கா சீனர்களின் கடைவீதி, 1854-இல் தொடங்கிய கத்தோலிக்க தேவாலயம், லக்சாக் கடைகள். புளி லக்சா, தேங்காய்ப்பால் லக்சா இரண்டும் உண்டு. நான் புளிக் கட்சி. வண்டிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வயல்வெளி வழியாக மேற்குக் கரைக்குப் போனேன். பாசிர் பாஞ்சாங்கில் மணல் வெறிச்சென்று கிடந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் பினாங்கில் இறந்த 52 பேரில் பலர் இந்தக் கரைக்கு விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள். அங்கே அதிக நேரம் இருக்கத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் வார இறுதியில் பெரிய டர்ட் பைக்குகள் கூட்டமாக மலை ஏறுகின்றன. தோட்டக்காரர்கள் சொந்தக் காசில் போட்ட சிமெண்டின் விளிம்புகள் அவற்றின் முள் டயரில் பெயர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அந்த வண்டிகளுக்கு வேறு இடம் இருக்கிறது. நீங்கள் போவதாக இருந்தால் கப்சாயில் போங்கள், தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். சீசனில் காலை வேளையைத் தவிர்த்துவிடுங்கள். கூடையோடு இறங்குகிற வண்டியைக் கண்டால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். சரிவில் நிறுத்த அவரால் முடியாது.

அடுத்த பகுதியில் தித்தி கெராவாங் வழியாகத் தெலுக் பகாங் அணைக்கு.

(தொடரும்)