மாப்பேணியும் கரைவலைக் கயிறும்

உடல் மெலிந்த இளைஞனுக்கு அறிவுரை கூறாதார் அரியர். ‘நன்றாகச் சாப்பிடு’ என்பார் பலர். எதை, எவ்வளவு, எதற்காகச் சாப்பிடுவது என்று விளக்குவார் மிகச் சிலரே. 49 கிலோ நிறையுடன் பல்கலைக்கழகத்துள் நுழைந்த நான், இவ்வினாக்களுக்கு விடை தேடிய கதை வெட்கத்துக்குரியது. எனினும், விடுதிகளில் என்னைப் போன்றோர் பலர் உளராதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் ஊர் சல்லி. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடலோரக் கிராமம். முதலாம் ஆண்டு விடுமுறையில் மாமாவின் கரைவலைக்குக் கயிறு பிடிக்கச் சென்றேன். மடி கரையை நெருங்க நெருங்கக் கயிறு கனத்தது. அரைமணி நேரத்துள் என் கால்கள் மணலில் முன்னோக்கி வழுக்கத் தொடங்கின. “தம்பி, நீ கயிற்றை இழுக்கேல்லை, கயிறுதான் உன்னை இழுக்குது” என்றார் மாமா. எல்லாரும் சிரித்தனர். அன்று எனக்குக் கிடைத்தது அரைப்பங்கு. எனக்குப் பின்னால் நின்று இழுத்த பதினாறு வயதுச் சிறுவனுக்கோ முழுப்பங்கு.

அந்த அவமானத்தோடு விடுதிக்குத் திரும்பியவன், புத்தகம் வாங்குவதற்கென அம்மா சீட்டுக்கட்டிச் சேர்த்துத் தந்த பணத்தில், தசை வளர்க்கும் என விளம்பரம் செய்யப்பட்ட மாப்பேணி ஒன்றை வாங்கினேன். பேணி முடியுமுன் வயிறு சற்றுப் பருத்தது, கை பருக்கவில்லை. அதன் பின்னரே, பேணியின் புறத்தே சிறிய எழுத்தில் இருந்த உள்ளடக்கப் பட்டியலை வாசித்தேன். முதலிடத்தில் நின்றது மோல்ற்றோடெக்ஸ்ரின். மாப்பொருளை உடைத்துப் பெறப்படும் தூள் அது. குருதியிற் குளுக்கோசை விரைவாக ஏற்றுவது. நாரோ உயிர்ச்சத்தோ அற்றது. அம்மாவின் பணத்துக்கு நான் வாங்கியது பெரும்பாலும் வெறும் மாவே என்றறிந்தபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பின்னர் நூலகத்தில் அமர்ந்து படித்தேன். தசையை ஆக்குவன புரதமும் உழைப்புமாம். காபோவைதரேற்றின் பணி வேறு. அது தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்பட்டு, பளுவை இழுக்கும் வேளையில் எரிபொருளாகின்றது. அது போதாவிடின், தசைக்கு வேண்டிய புரதத்தையே உடல் எரிக்கத் தலைப்படும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமளவு மிதமான பயிற்சி செய்வோர்க்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் காபோவைதரேற்று வேண்டும் என்பது விளையாட்டு உணவியலாரின் கணக்கு. எனக்கு அது 245 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் சோற்றில் இருப்பதோ ஏறத்தாழ 28 கிராமே. ஆகவே, மெலிந்தவன் சோற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எந்தச் சோறு என்பதே அவன் கேட்க வேண்டிய வினா.

விடுதியிற் காலையில் பாண், மாலையில் பணிஸ் என்பதே எம் வழக்கம். எங்கள் மாவட்டத்துச் சீனக்குடாவில் 1980 இல் இயங்கத் தொடங்கிய மாவாலையிலிருந்து நாடெங்கும் கோதுமை மா செல்கின்றது. வெண்மா அரைக்கப்படும்போது தவிடும் முளையமும் நீக்கப்படுகின்றன. அவற்றோடு நாரும் பீ வகை உயிர்ச்சத்துக்களிற் பெரும்பகுதியும் கழிந்துவிடுகின்றன. பாண் நஞ்சன்று, ஆனால் நாள்தோறும் அதனையே நம்பியிருப்பவன் வயிற்றை நிரப்புகிறானேயன்றி, உடலுக்கு வேண்டிய பிறவற்றைப் பெறுகிறானில்லை.

இவ்விடத்தில் என் வீட்டு அடுக்களை நினைவுக்கு வந்தது. தவிடு நீங்காத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, அவித்த வற்றாளங்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, கடலை, பயறு என்பன அங்கு எப்போதும் இருந்தவை. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கடலையும் பயறும் மாப்பொருளோடு புரதத்தையும் தருவன. மரவள்ளியை மட்டும் நன்கு அவித்தே உண்ண வேண்டும். பச்சையாக உண்டால் அதிலுள்ள சயனைட்டு நஞ்சாகும். 2022 இல் பாணின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, எங்கள் வீட்டிற் காலையுணவு கிழங்காயிற்று. பாடசாலை மாணவனாயிருந்த நான் அதனை வறுமையின் உணவென்று வெறுத்து, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததுமுண்டு. அம்மா ஒன்றும் பேசாமல் அதனை எடுத்துத் தாம் உண்டார். அத்தட்டில் இருந்ததைத்தான் பின்னர் நான் பேணியிற் பணங்கொடுத்துத் தேடினேன்.

அடுத்த விடுமுறையில் உண்மையைச் சொன்னேன். “மாவையா தம்பி அந்தக் காசுக்கு வாங்கினனீ?” என்று மட்டும் கேட்டார். வெறும் பேணியைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் குரக்கன் மாவைப் போட்டுத் தந்தார்.

இன்று என் நிறை 54 கிலோ. மாலையிற் பயிற்சிக்கு முன் அவித்த கிழங்கும், பின்னர் சிவப்பரிசிச் சோறும் மீனும் உண்கிறேன். பதினான்கு மாதங்களில் ஐந்து கிலோ என்பது விளம்பரங்களுக்கு ஒவ்வாத வேகந்தான். ஆயினும், இவ்வாண்டு மாமாவின் வலையில் மடி கரையேறும்வரை கயிற்றை நான் கைவிடவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் முழுப்பங்கை என் கையில் வைத்தார். அதனை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். பேணியின் விலையில் அது ஐந்திலொரு பங்குதானும் இல்லை.